ஸ்போட் தட்டு வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் இங்கிலாந்தில், பீங்கான் பட்டறைகளுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தைக்குப் போயிருந்தேன். இளம் தம்பதி ஒன்று, அந்த ஊரில் தொடங்கிய ஸ்போட் நிறுவனத்தின் நீல வெள்ளைத் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "1816!" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் போவதற்குள் பணம் கைமாறிவிட்டது. பதினொரு வருடம் முன்னால் நான் செய்த அதே தவறு. விரிசல் இருக்கிறதா, ஓரம் உடைந்திருக்கிறதா என்று பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

அடியில் அச்சிட்ட வருடத்தை நம்புவது

நான் வாங்கியது பெரிய பரிமாறும் தட்டு. நடுவில் இடிந்த இத்தாலியக் கட்டடங்களும் ஓர் ஆறும். விளிம்பைச் சுற்றிக் கீழைநாட்டுப் பூவேலை. 'ப்ளூ இட்டாலியன்' என்று பெயர். அடியில் 'ஸ்போட் டிசைன், சி. 1816' (சுமார் 1816) என்று இருந்தது. விற்றவரும் அந்த வருடத்தைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். 180 பவுண்டு கொடுத்தேன்.

1816 என்பது அந்தச் சித்திரம் பிறந்த வருடம். தட்டு பிறந்த வருடம் அல்ல. அன்றிலிருந்து இன்றுவரை அதே சித்திரத்தை அச்சிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் தட்டில் அந்த வருடத்துக்குப் பக்கத்திலேயே 'இங்கிலாந்து' என்றும் இருந்தது. இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891 முதல் அமெரிக்கா கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகுதான் ஸ்டோக் இருக்கும் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டப் பட்டறைகள் அந்தச் சொல்லை வழக்கமாகப் போடத் தொடங்கின. கண்ணெதிரே இருந்த அந்த ஒரு சொல்லைப் படிக்காமல் விட்டேனே என்பதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சரி, 'இங்கிலாந்து' இல்லை, 'ஸ்போட்' மட்டும் இருக்கிறது என்றால்? அதுவும் போதாது. இங்கே நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்போட் குடும்பத்தின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

முதல் ஜோசையா ஸ்போட் 1733இல் பிறந்தவர். ஆறு வயதில் அப்பாவை இழந்தார். பதினாறு வயதில் தாமஸ் வீல்டன் என்ற குயவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அப்படிப்பட்டவர் 1770களில் ஸ்டோக்கில் சொந்தப் பட்டறை போட்டு, 1780களில் கிளேஸுக்கு (மேலே பூசும் கண்ணாடி போன்ற மெருகு) அடியில் நீல அச்சுப் போடும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1797இல் அவர் இறந்ததும், லண்டன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் இரண்டாம் ஜோசையா ஸ்டோக்குக்கு வந்து பொறுப்பேற்றார். அவர் 1827இல் போனார். அவர் மகன் மூன்றாம் ஜோசையா 1829இல் போனார். இரண்டே வருடத்தில் இரண்டு சாவு. 1833இல், லண்டன் வியாபாரத்தில் பங்காளியாக இருந்தவரின் மகன் வில்லியம் டெய்லர் கோப்லண்ட், தாமஸ் கேரட்டைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தொழிலை எடுத்தார்.

எனவே 'கோப்லண்ட் அண்டு கேரட்' என்று இருந்தால் 1833க்கும் 1847க்கும் நடுவில். அப்புறம் 'கோப்லண்ட்'. ஆனால் மதிப்புள்ள பெயரை யார் விடுவார்கள்? 'லேட் ஸ்போட்' (முன்னாள் ஸ்போட்), 'ஸ்போட் கோப்லண்ட்' என்று பழைய பெயரையும் சேர்த்தே முத்திரை போட்டார்கள். 1970இல் நிறுவனமே மறுபடி ஸ்போட் ஆகிவிட்டது. ஆக, அந்தக் குடும்பத்தின் கையை விட்டுப் போன பிறகு அந்தப் பெயரில் வந்த தட்டுகள்தான் சந்தையில் அதிகம்.

நீலத் தட்டெல்லாம் போன் சைனா என்று நினைப்பது

போன் சைனா என்பது எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான். ப்ளூ இட்டாலியன் மண்பாண்ட வகை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கம் விரலை வையுங்கள். போன் சைனா என்றால் விரலின் நிழல் தெரியும், இதில் தெரியாது. ஆறு பங்கு எலும்புச் சாம்பல், நான்கு பங்கு சைனா ஸ்டோன் (ஒரு வகைப் பாறை), மூன்றரைப் பங்கு சைனா களிமண்: போன் சைனாவுக்கென ஸ்போட் பட்டறையில் நிலைபெற்ற இந்தக் கலவையைத்தான் மற்றவர்களும் பின்பற்றினார்கள். எலும்புச் சாம்பலை முதலில் கலந்தவர் ஸ்போட் என்று சொல்வதும் தவறு. 1740களிலேயே லண்டனின் 'போ' (Bow) பட்டறையில் தாமஸ் ஃப்ரை அதைச் செய்துவிட்டார்.

விளிம்பில் ஒட்டு தெரிந்தால் பழசு என்று முடிவு கட்டுவது

செதுக்கிய செப்புத் தகட்டில் மை பூசி, மெல்லிய தாளில் எடுத்து, அந்தத் தாளைத் தட்டில் ஒட்டித் தேய்ப்பார்கள். விளிம்புத் தாளின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் ஒரு பூ பாதியில் நின்றுபோய், அடுத்த கொடி அரை விரற்கடை தள்ளித் தொடங்கும். பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டிலும் இப்படித்தான் ஒட்டினார்கள்.

பிளீச்

வேண்டாம். பழுப்புக் கறை போகட்டும் என்று ஒரு கோப்லண்ட் கிண்ணத்தை இரவு முழுக்க ஊறவைத்தேன். கறை போனது. மூன்று வாரத்தில் விளிம்பில் கிளேஸ் செதிலாக எழும்பிவிட்டது.