எலுமிச்சையில் சொறி நோய்: துளிர்விடும்போதே காக்கும் முறை

சந்தேகப்படும் எலுமிச்சை இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். தக்கை போல மேடிட்டு, நடுவில் குழிந்து, மஞ்சள் வளையம் கட்டிய புள்ளிகள் இலையின் இரு பக்கமும் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அது சொறி நோய். புளியங்குடி போன்ற எலுமிச்சைச் சந்தைகளுக்குக் காய் அனுப்புவோருக்கு, தோலில் விழும் இந்தப் புள்ளிதான் பெரிய நட்டம்.

சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பாக்டீரியா மழைநீரோடு இலைத்துளை வழியாகவோ காயத்தின் வழியாகவோ உள்ளே புகுந்து, நுண்ணிய ஊசி போன்ற அமைப்பினால் பி.டி.எச்.ஏ.4 என்னும் புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதம் உட்கருவை அடைந்து, மரத்தின் சொந்த மரபணுவான எல்.ஓ.பி.1-ஐ முடுக்கிவிடுகிறது. உடனே செல்கள் வீங்கிப் பெருகி, மேல்தோல் வெடித்து, அடுத்த மழைத்துளியில் பாக்டீரியா பக்கத்துக் கிளைக்குத் தாவுகிறது. இந்த நிகழ்வை அறிந்தவர், தாமிர மருந்து இலையின் மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்யும் என்பதையும், புள்ளி தெரிந்த பிறகு அடிப்பது அந்த இலையைக் காப்பாற்றாது என்பதையும் எளிதில் புரிந்துகொள்வார்.

எனவே துளிரைக் கணக்கிட்டே மருந்து தெளிக்க வேண்டும். முற்றிய இலையில் தொற்று எளிதில் ஏறாது. விரிந்துகொண்டிருக்கும் இளந்தளிரும் பிஞ்சும்தான் ஆபத்தில் இருப்பவை. ஒவ்வொரு துளிர்ப்பிலும், மழைக்கு முன்பாக, ஒரு சதவீத போர்டோ கலவையைத் தெளிக்கலாம். 100 லிட்டர் கலவைக்கு மயில்துத்தம் (தாமிர சல்பேட்) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ தேவை. இரண்டையும் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரங்களில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கியபடி ஊற்ற வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியைச் சற்று நேரம் அதில் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் துத்தம் மிகுந்திருக்கிறது, தளிர் கருகிவிடும் என்று பொருள், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும்.

இலை துளைப்பான் புழுவைக் கவனிக்காமல் விட்டால் இந்த உழைப்பெல்லாம் வீண். வெள்ளிக் கோடு போல அது குடைந்து செல்லும் பாதை பாக்டீரியாவுக்குத் திறந்த கதவாகிவிடும் என்பதால், தளிர்க் காலத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பது அவசியம். சொறி பிடித்த குச்சிகளை ஈரமில்லாத நாளில் வெட்டி எரித்துவிட்டு, கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் இடையே பிளீச்சிங் கரைசலில் நனைக்க வேண்டும். காற்று வரும் திசையில் சவுக்கு வரிசை நட்டால், மழைச்சாரலை இலைக்குள் திணிக்கும் வேகம் குறையும்.

ஆன்டிபயாடிக் தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து செல்லக்கூடியவை. மனிதருக்கு உதவும் மருந்தைத் தோட்டத்தில் வீணடிப்பது நியாயமல்ல.

நாற்று வாங்கும்போது புள்ளியில்லை என்பதோடு திருப்தியடையக் கூடாது. வெளியே தெரியாத தொற்றையும் பி.சி.ஆர். சோதனை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைக் கொண்டு காட்டிவிடும் என்பதால், ஏக்கர் கணக்கில் நடுபவர்கள் சோதித்த தாய்மரத்து நாற்றையே கேட்டுப் பெற வேண்டும். 2017-இல் சீனாவிலும் ஃபுளோரிடாவிலும் ஆய்வாளர்கள் கிரிஸ்பர் முறையில் எல்.ஓ.பி.1 மரபணுவைத் திருத்தி, சொறியைத் தாங்கும் ஆரஞ்சு, கிரேப்புரூட் செடிகளை உருவாக்கிக் காட்டினர். அப்படிப்பட்ட எலுமிச்சை நம் நாற்றங்காலுக்கு வரும்வரை, துளிர் விரியும் நாளைக் குறித்துவைத்து மருந்து தெளிப்பதே தோட்டக்காரரின் கையில் இருக்கும் காவல்.