கொலம்பியா ஆற்றுக் கப்பலில் ஒரு வாரம்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து போகிறவர்களுக்கு

கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கமிருந்து பிள்ளைகளைப் பார்க்க சியாட்டிலுக்கும் போர்ட்லாந்துக்கும் போகிற பெற்றோருக்கு முதல் இரண்டு வாரம் ஓடிவிடும். அப்புறம் நாலு சுவர்தான். அந்த நாட்களில் ஒரு வாரத்தை ஸ்நேக், கொலம்பியா ஆறுகளுக்கு ஒதுக்கலாம். 1805 அக்டோபர், நவம்பரில், மேற்குப் பகுதியை ஆராய அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸும் கிளார்க்கும் மரத்தோணிகளில் பசிபிக் கடலைத் தேடி இறங்கி வந்த தடம் அது. அமெரிக்காவின் பழைய மேற்கு எல்லைப்புறத்தை ஆற்றிலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம்.

விசா கைக்கு வருமுன் கப்பலுக்கு முன்பணம் கட்டாதீர்கள். சென்னைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. கப்பல் அமெரிக்காவை விட்டு வெளியே போகாது, அதனால் சாதாரண பி1/பி2 வருகையாளர் விசாவே போதும். கட்டணம் ஆளுக்குச் சில ஆயிரம் டாலர் வரும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றும் கப்பல் அங்கேயே கட்டியதாக இருக்க வேண்டும் என்று 1886-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் அந்நாட்டவர்களே. வெளிநாட்டுக் கப்பல் போட்டிக்கு வர முடியாததால் விலை இறங்குவதில்லை. அவ்வளவு முடியாது என்றால், போர்ட்லாந்திலிருந்து முக்கால் மணி நேரக் கார்ப் பயணத்தில் கேஸ்கேட் லாக்ஸ் என்ற ஊர் இருக்கிறது. பின்பக்கம் சக்கரம் சுழலும் படகில் ஓரிரு மணி நேரம் சுற்றிவிட்டு வரலாம்.

மாதம் பார்த்துப் போக வேண்டும். அணைகளில் கப்பலை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிகளை லாக் என்பார்கள். மார்ச்சில் இந்த லாக்குகளைப் பராமரிப்புக்காக மூடுவார்கள். மே, ஜூனில் பனி உருகி அருவிகள் நிறைந்து கொட்டும். ஜூலை, ஆகஸ்டில், பயணத்தின் மேல்முனையான ஸ்நேக் ஆற்று லூயிஸ்டன் பக்கம் 35 டிகிரியைத் தாண்டும். நம்ம ஊர் வெயிலைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் தேர்வு செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும்தான். ஆனால் செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வந்து மலையை மறைத்துவிடும் ஆண்டுகளும் உண்டு. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மே மாதத்துக்கே போகட்டும்.

எந்தத் திசையில் போவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். போர்ட்லாந்தில் ஏறி மேலே போய் கிளார்க்ஸ்டனில் இறங்குவது சுலபமாகத் தெரியும். ஆனால் பக்கத்திலுள்ள லூயிஸ்டன் விமான நிலையம் சின்னது. அங்கே விமானம் தாமதமானால் சென்னைக்கு வரும் விமானமும் கைவிட்டுப் போகும். அதனால் கிளார்க்ஸ்டனில் ஏறி, ஆற்றோடு இறங்கி, போர்ட்லாந்தில் பயணத்தை முடியுங்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்கினால் சின்ன விமானத்தின் தாமதம் உங்களைத் தொடாது. அந்த நாளில் ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்குக்கு ஜெட் படகில் போகலாம், நனைவீர்கள். இல்லையென்றால் ஸ்பால்டிங்கில் உள்ள, நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி மக்களின் வரலாற்றுப் பூங்காவைப் பாருங்கள். 1805-ல் பட்டினியோடு மலை இறங்கிய லூயிஸ் கூட்டத்துக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள்தான். 1877-ல் அமெரிக்கப் படை விரட்டி விரட்டிப் பிடித்ததும் அவர்களைத்தான்.

அறை கேட்கும்போது, கீழ்நோக்கிப் போகையில் இடப்பக்கம் வேண்டும் என்று சொல்லுங்கள். 620 அடி மல்ட்னோமா அருவி அந்தக் கரையில்தான். கீழ்த்தளத்தில் எஞ்சின் சத்தம் கேட்கும். இரண்டு கரையிலும் சரக்கு ரயில் ஓடுவதால் ராத்திரி ஹாரன் சத்தத்துக்கு எந்தத் தளமும் தப்பாது. காதில் வைக்கப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தின் உயிரே லாக்குகள்தான். லூயிஸ்டன் கடல் மட்டத்துக்கு 700 அடிக்கு மேலே இருக்கிறது. ஸ்நேக்கில் நாலு, கொலம்பியாவில் நாலு என்று எட்டு அணைகளைப் படி படியாக இறங்கிக் கடலுக்கு வருகிறீர்கள். ஒவ்வொரு லாக்கும் 86 அடி அகலமும் 675 அடி நீளமும் கொண்ட கான்கிரீட் தொட்டி. கப்பல் உள்ளே நுழைந்ததும், சுவரிலேயே மிதந்து ஏறி இறங்கும் கட்டைகளில் கயிற்றைக் கட்டுவார்கள். பின்கதவு மூடும், தண்ணீர் வடியும், பாசி படிந்த சுவர் இரண்டு பக்கமும் உயர்ந்துகொண்டே போகும். ஜான் டே அணையில் இந்த இறக்கம் நூறு அடிக்கு மேல். அங்கே முன்கதவு பாம்பன் புதுப் பாலத்தின் நடுத்துண்டு போலவே நேராக மேலே ஏறும். கப்பல் அதன் அடியில் நுழையும்போது தண்ணீர் தலையில் சொட்டும். குடையோடு மேல்தளத்தில் நில்லுங்கள், கைபேசியைப் பைக்குள் வையுங்கள். சில லாக்குகளை நள்ளிரவில் கடப்பார்கள், அதனால் மறுநாள் நேரத்தைச் சாயங்காலமே கேட்டு வையுங்கள். 2019 செப்டம்பரில் பான்வில் லாக்கில் கான்கிரீட் விரிசல் விட்டுப் பல நாள் மூடிக் கிடந்தது. அப்படி நடந்தால் பணம் திரும்பி வருமா, பஸ்ஸில் கூட்டிப்போவார்களா என்று பணம் கட்டுமுன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஜான் டே தாண்டி, டாலஸ் அணைக்குச் சற்று முன்னால் ஆறு அகலமாக, சலனமில்லாமல் கிடக்கும். பார்க்க ஒன்றுமில்லை என்று உள்ளே போய்விடாதீர்கள். செலிலோ அருவி அதன் அடியில் இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூர்வகுடிகள் மரப்பலகையில் நின்று நீண்ட கம்பு வலையால் சால்மன் அள்ளிய இடம். 1957 மார்ச் 10-ல் அணைக் கதவுகளை மூடியதும் சில மணி நேரத்தில் மூழ்கியது. தனுஷ்கோடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே புயல், இங்கே அணை. கிழக்கிலிருந்து குடியேற வந்தவர்களின் பாதையான ஒரெகன் தடத்து மாட்டு வண்டிகள் ஒரு காலத்தில் டாலஸ் ஊரோடு நின்றுவிடும். அதற்கு மேல் குடும்பங்கள் தெப்பம் கட்டி இந்த ஆற்றில்தான் இறங்கின. 1846-ல் பார்லோ சாலை திறந்த பிறகே வண்டியோடு மலையைச் சுற்றிப் போக முடிந்தது.

பான்வில்லில், மீன்கள் அணையைத் தாண்டி ஏற அமைத்த படிநீரோடையான மீன் ஏணியின் கண்ணாடி ஜன்னல் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். செப்டம்பரில் சினூக் சால்மன் வரிசையாக எதிர்நீச்சல் போடும். கடல்புரத்து ஆட்களை அங்கிருந்து கிளப்புவது கடினம்.

இந்தப் பள்ளத்தாக்கில் கோடையில் மத்தியானத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று அடிக்கும், நம் கச்சான் மாதிரி. தொப்பிக்குக் கயிறு வேண்டும். டாலஸுக்குக் கிழக்கே வறட்சி, மேற்கே மழை. எனவே பருத்திச் சட்டையும் மழைக்கோட்டும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். சைவமோ ஹலாலோ, ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஏறிய பிறகு கேட்டால் சாலட்தான் கிடைக்கும். பருப்புப் பொடி கொண்டு போகலாம், விமான நிலையப் படிவத்தில் மட்டும் மறைக்காதீர்கள். கறிவேப்பிலை ஒரு கொத்துகூடக் கூடாது, பிடுங்கிவிடுவார்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட்; போன் சார்ஜர் ஓடும், நம் மிக்ஸி ஓடாது.

1811-ல் ரோமத் தோல் வியாபாரத்துக்காகத் தொடங்கிய அஸ்டோரியாவில் ஆறு கடலைத் தொடும். நம் பாக் நீரிணையில் ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று அடி, அங்கே எட்டு அடி வரும். வற்றம் நேரத்தில் இறங்கு பலகை செங்குத்தாக நிற்கும், முட்டிவலிக்காரர்கள் தண்ணீர் ஏறும் வரை காத்திருக்கலாம். குன்றின் மேலுள்ள கோபுரத்துக்கு 164 படி. மேலே போக முடியாவிட்டாலும் அடியில் நின்றாலே முகத்துவாரம் தெரியும். அந்த முகத்துவாரத்து மணல் திட்டில் நிறையக் கப்பல்கள் உடைந்திருக்கின்றன. ஆற்றுக் கப்பல் அதைத் தாண்டாமல் போர்ட்லாந்துக்குத் திரும்பிவிடும்.

கடைசி ராத்திரி பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். பாஸ்போர்ட்டும் மாத்திரையும் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.