உரையாடல் ஒலியில் நேரம் நழுவியதைச் சரிசெய்த கதை

இரண்டு குரல்களில் ஒரு உரையாடலை எழுத்திலிருந்து ஒலியாக்கினேன். முதல் நிமிடம் சப்டைட்டில் கச்சிதம். போகப்போக, பேச்சு வருவதற்கு முன்பே வரி திரையில் வந்து நின்றது.

ஒவ்வொரு வரியையும் தனி எம்பி3 கோப்பாக்கி ஒட்டியதுதான் வினை. எம்பி3 ஒலியை, குறிப்பிட்ட எண்ணிக்கையில் சாம்பிள் (ஒலியின் கணநேர அளவீடு) கொண்ட துண்டுகளாகவே எழுதும். அதனாலும் சுருக்கும் முறையாலும் கோப்பின் இரு முனையிலும் துளி மௌனம் சேர்ந்துவிடும். நூறு வரிகளில் அது சில நொடிகளாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக்கி, இரு குரலையும் 24,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 24,000 சாம்பிளுக்குக் கொண்டுவந்தேன். நீளத்தை சாம்பிள் எண்ணிக்கையிலேயே கூட்டி, அதிலிருந்தே சப்டைட்டில் நேரத்தை எடுத்தேன். நழுவல் நின்றது.

பிறகுதான் உண்மையான சுகம்: பதிலுக்கு முன் 200 மில்லிநொடி இடைவெளி, ஒருவர் குறுக்கிடும் இடத்தில், முந்தைய வரி முடியும் முன்பே அடுத்த குரல். அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுப் பேசுவதுபோல் இருந்தது.