மூழ்கிய கப்பல் பார்க்க ஆசையா? முதலில் காலண்டரைப் பாருங்கள்

ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்து அதற்கான கார்டு கைக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, செங்கடலில் கிடக்கும் திஸில்கார்ம் கப்பலை யூடியூபில் பார்ப்பது. 1941இல் ஜெர்மன் விமானம் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் அது, உள்ளே லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஏற்றிய வரிசையில் இன்னும் நிற்கின்றன, பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். ஆனால் அடித்தளம் 30 மீட்டர், நீரோட்டம் ஆளை இழுக்கும், போதாக்குறைக்குக் கூட்டம். கப்பலின் பேரை வைத்து ஊரை முடிவு செய்வதே தலைகீழ் வேலை. எந்த மாதம் லீவு கிடைக்கும், உங்கள் கார்டு எத்தனை மீட்டர் வரை இறங்கவிடும், இந்த இரண்டையும் முதலில் எழுதி வையுங்கள், ஊர் தானாக வந்து நிற்கும்.

ஆழக் கணக்கு இதுதான். முதல் படியான ஓபன் வாட்டர் கார்டுக்கு 18 மீட்டர், அடுத்த படியான அட்வான்ஸ்டுக்கு 30. ஒவ்வொரு கப்பலுக்கும் மேல்தளம் எத்தனை மீட்டர், அது உட்கார்ந்திருக்கும் மணல் எத்தனை மீட்டர் என்று இரண்டு ஆழம் உண்டு, டைவ் சென்டர்காரர் ஒன்றை மட்டும் சொன்னால் மற்றதைக் கேட்டு வாங்குங்கள். 30 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு, சிலிண்டர் காற்றும் அதே வேகத்தில் தீரும். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் அட்டவணைப்படி 18 மீட்டரில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் இருக்கலாம் என்றால் 30 மீட்டரில் இருபது நிமிடம்தான், அதற்குள் கிளம்பியாக வேண்டும். அதனால் புதிதாக இறங்குகிறவருக்கு 30 மீட்டரில் கிடக்கும் பிரபலக் கப்பலைவிட 15 மீட்டரில் கிடக்கும் பேர் தெரியாத துருப்பிடித்த படகே அதிகம் காட்டும். இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

சரி, பக்கத்திலேயே ராமேஸ்வரம் இருக்கிறதே என்பீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, நினைத்த இடத்தில் படகை நிறுத்திக் குதிக்க முடியாது. பாக் நீரிணைப் பக்கமோ ஆழமில்லாத கலங்கல் தண்ணீர். கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அது வேறு வித்தை. கப்பல் பார்க்க இந்தக் கரை சரிப்படாது.

மதுரைக்காரருக்குச் சரியான இடம் இலங்கை. நம் ஊரிலிருந்தே கொழும்புக்கு நேரடி விமானம், ஒரு மணி நேரம்தான். இதற்குமேல் முழுக்க மாதக் கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது மேற்குக் கரை கொந்தளிக்கும், ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது டைவ் படகு எம்மாத்திரம். அந்த மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வந்தால் எல்லாம் தலைகீழ். ஆகப் பொங்கல் லீவு என்றால் மேற்கே கொழும்பு, ஹிக்கடுவை. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு வரும் மே மாத லீவு என்றால் கிழக்கே மட்டக்களப்பு, பாசிக்குடா. இது தெரியாமல் ஜூலையில் ஹிக்கடுவைக்கு டிக்கெட் போட்டால் கரையில் உட்கார்ந்து அலையைப் பார்த்துவிட்டு வரலாம்.

மேற்கே ஹிக்கடுவை அருகே காஞ்ச். எண்ணெய் ஏற்றி வந்து 1903இல் பாறையில் மோதி மூழ்கிய கப்பல், 20 மீட்டர் வாக்கில் உடைந்து பரவிக் கிடக்கிறது. முழுக் கப்பல் வடிவத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், நூறு வருஷத்துக்கு மேல் அலை அடித்த இரும்பு அது, ஆனால் மீன் கூட்டம் அபாரம். கொழும்புக்கு எதிரேயும் நிறையக் கப்பல்கள் உண்டு, அவற்றில் பல அட்வான்ஸ்டு கார்டு கேட்கும் ஆழம்.

கிழக்கே கதையே வேறு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு எதிரே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன, முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அது 50 மீட்டருக்கும் கீழே, பொழுதுபோக்கு டைவிங்கின் 40 மீட்டர் எல்லையைத் தாண்டிக் கிடக்கிறது, அந்த எல்லைக்குக் கீழே இறங்கக் கற்றுத்தரும் டெக்னிக்கல் பயிற்சி இல்லாதவர் ஆசைப்படவே வேண்டாம். அதே நாள் அதே தாக்குதலில் போன பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் 24 மீட்டர் வாக்கில் இருக்கிறது, அட்வான்ஸ்டு முடித்தவர் தாராளமாகப் போகலாம். இன்னொரு லாபம், அங்கே படகுக்காரரிடம் தமிழிலேயே பேசலாம், "அண்ணே, அடியில நீரோட்டம் எப்படி?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ரயில் உண்டு, நீண்ட பயணம், அதற்கு ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் பணமும் நாளும் இருந்தால் பாலித் தீவின் துலாம்பென். என்னைக் கேட்டால் முதல் கப்பலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது, கரைக்கு இழுத்துவந்து போட்டார்கள், 1963இல் அகூங் எரிமலை வெடித்தபோது அது கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போய்விட்டது. படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். அந்த ஊர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு கறுப்புக் கூழாங்கல் கரையில் அனாயாசமாக நடப்பார்கள், நாம் வெறுங்காலோடு தடுமாறிக்கொண்டிருப்போம் (பூட்டீஸ் என்கிற கெட்டியான டைவிங் ஷூ கட்டாயம்). கப்பலின் மேல்பகுதி ஐந்து மீட்டரிலேயே ஆரம்பிக்கிறது, அடி 30 மீட்டர் வரை போகிறது, எந்தக் கார்டுக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தமானுக்குப் பவளப்பாறைக்காகப் போங்கள், கப்பலுக்காகப் போக வேண்டாம். கோவாவில் தண்ணீர் பெரும்பாலும் கலங்கல். புதுச்சேரி பயிற்சிக்கு நல்லது.

போகும் முன் சில வேலைகள். கோர்ஸை முடித்துக் கார்டு வாங்க 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். தோட்டத்துக் கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு இதில் பயமிருக்காது, பத்தடி முக்குளித்தால் காது அடைப்பதும் தெரிந்திருக்கும். வலி வரும்வரை காத்திராமல் இறங்கும்போதே மூக்கைப் பிடித்துக் காதுக்குக் காற்று விட்டுக்கொண்டே போக வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்று இறங்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், துருப்பிடித்த தகடு கையைக் கிழிக்கும். கப்பலில் மீன் வலை சிக்கியிருப்பது சகஜம் என்பதால் சின்ன வெட்டுக்கத்தி ஒன்று இருக்கட்டும். தனிப் பயிற்சி இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள்: காலில் மாட்டிய துடுப்பு ஒரு தடவை அடியில் பட்டால் வண்டல் கிளம்பி வந்த வழியே தெரியாது, தலைக்கு மேலே இரும்புக் கூரை இருக்கும். எதையும் எடுத்துவரவும் கூடாது, போர்க்கப்பல்கள் செத்தவர்களின் கல்லறை.

படகுக்காரரிடம் ஆக்சிஜன் கிட் இருக்கிறதா, அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரி எங்கே என்று கேளுங்கள், மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விடுங்கள், உயரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும். விமானத்தை மட்டும் நினைத்துக்கொண்டு பலர் கோட்டை விடுவது மலையை. புதுச்சேரியில் ஞாயிறு காலை டைவ் செய்துவிட்டு அப்படியே காரை எடுத்து ராத்திரிக்குள் கொடைக்கானல் ஏறுவதும் உடம்புக்கு விமானம் ஏறுவது மாதிரிதான், 2,100 மீட்டர் உயரம் அது. கொடைக்கானல்தான் போக வேண்டும் என்றால் அதை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.