மால்டாவில் தனிச் சுற்றுலா: பணம் கட்டிய பிறகு தெரியவரும் தவறுகள்

மால்டாவின் பிரதான தீவு நீளம் 27 கிலோமீட்டர், அகலம் 14 சொச்சம். மேப்பைப் பார்த்ததும் ‘காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாமே’ என்று தோன்றும். தனி வண்டி, தனி கைடு என்று கூடுதல் காசு கொடுப்பவர்களுக்கு அந்த நம்பிக்கை இன்னும் பலமாக இருக்கும். ஆனால் வண்டி மட்டும்தான் உங்களுக்குத் தனி. ஹைப்போஜியம் என்ற நிலத்தடி மயானத்தின் டிக்கெட்டும், கோசோ தீவுக்குப் போகும் படகும், தலைநகர் வலெட்டாவில் வண்டிகளைக் கண்காணிக்கும் கேமரா வைத்த தெருக்களும், கதீட்ரல் வாசலும் எல்லோருக்கும் பொது. நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது அங்கே செல்லுபடியாகாது. போட்ட திட்டம் குலைவது பெரும்பாலும் இந்த நான்கு இடங்களில்தான்.

ஹைப்போஜியத்தைக் கடைசியில் யோசிப்பது

வலெட்டாவுக்குத் தெற்கே பாவ்லா ஊரில், சாதாரண வீடுகள் நிறைந்த தெருவுக்கு அடியில் இருக்கிறது ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியம். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக எடுத்த நிலத்தடி மயானம் இது. கி.மு. 4000க்கும் 2500க்கும் இடைப்பட்ட காலத்தது. 1902இல் வீடு கட்டத் தோண்டியபோது தற்செயலாகக் கிடைத்தது; 1980 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. உள்ளே கூரையில் செங்காவியால் வரைந்த சுருள் ஓவியங்கள் இன்னும் அழியாமல் நிற்கின்றன. மனிதர்களின் மூச்சுக்காற்றும் உடல் சூடும் ஈரப்பதத்தைக் கூட்டினால் அந்தக் காவி உதிரும். அதனால் ஒரு சுற்றுக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு எட்டுச் சுற்று என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு மொத்தம் எண்பது பேர்.

இந்த எண்பதில் ‘தனிச் சுற்றுலா’ என்று ஒதுக்கீடு எதுவும் கிடையாது. ஏஜென்சி அனுப்பும் திட்டத்தில் ஹைப்போஜியம் என்று எழுதியிருந்தால், டிக்கெட் கையில் இருக்கிறதா, எந்த மணிக்கு என்று கேளுங்கள். ‘கிடைப்பதைப் பொறுத்து’ என்று பதில் வந்தால், கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். சீசனில் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் இதை நிர்வகிக்கும் ஹெரிட்டேஜ் மால்டா அமைப்பின் இணையதளத்தில் டிக்கெட், அது கிடைத்த தேதிக்கு வண்டியும் கைடும். மண்டபம் கிடைக்கும் நாளைப் பார்த்து முகூர்த்தம் குறிப்பதில்லையா, அதே கதைதான்.

உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பையும் போனும் லாக்கருக்குப் போய்விடும், படம் எடுக்க முடியாது. காதில் ஆடியோ கைடு மாட்டி, ஊழியர் ஒருவர் அழைத்துப் போவார். உங்கள் தனி கைடு வெளியே காத்திருப்பார், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. பெற்றோரில் ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருந்தால் அதை முன்கூட்டியே பேசி வையுங்கள். தாமதமாகப் போனால் சுற்று உங்களுக்காக நிற்காது. மால்டா டிராஃபிக்கைக் கணக்கில் வைத்து, 15 நிமிடம் முன்னதாக வாசலில் இருங்கள்.

படங்களில் பார்த்த ‘தூங்கும் பெண்’ சிற்பத்தை உள்ளே தேடி ஏமாறுபவர்கள் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சுடுமண் உருவம் ஹைப்போஜியத்தில் கண்டெடுக்கப்பட்டதுதான். ஆனால் இருப்பது வலெட்டா ரிபப்ளிக் தெருவில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். ஹைப்போஜியத்துக்குப் பக்கத்தில் உள்ள கற்காலத் தார்ஷியன் கோயில்களில் நிற்கும், பாவாடை அணிந்த பெரிய சிலையும் பிரதிதான், அசல் அதே அருங்காட்சியகத்தில். அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு அதன்பிறகு பாவ்லா போனால், பார்ப்பது என்னவென்று புரியும்.

டிரைவரையும் கைடையும் ஒருவரே என்று நினைப்பது

‘பிரைவேட் டூர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கின்றன. ஒன்று, டிரைவரோடு வண்டி. அவர் வழியில் நாலு விஷயம் சொல்வார், வாசலில் இறக்கிவிடுவார், திரும்பி வரும்வரை வண்டியில் இருப்பார். இன்னொன்று, உரிமம் பெற்ற கைடு உங்களோடு இறங்கி நடப்பது. மால்டா சுற்றுலா ஆணையம் கைடுகளுக்கு உரிமம் தருகிறது. வேலையில் இருக்கும்போது அந்த அடையாள அட்டை வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் கைடு வேலை செய்வது அங்கே சட்டப்படி தவறு. ஆகவே டிரைவர் கோயிலுக்குள் வந்து விளக்கவில்லை என்று கோபப்பட்டுப் பயனில்லை.

விலை கேட்கும்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: தலைக்கா, வண்டிக்கா, நேரம் ஓட்டலில் ஏறியதிலிருந்தா, முதல் இடத்திலிருந்தா, நுழைவுக் கட்டணம், படகுக் கட்டணம், சாப்பாடு எது உள்ளே, எது வெளியே, கூடுதல் மணிக்கு எவ்வளவு. ஹெரிட்டேஜ் மால்டாவின் பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ் உண்டு. அதை வாங்கிவிட்டு எல்லா இடமும் அடக்கம் என்று இருந்துவிடாதீர்கள். ஹைப்போஜியத்துக்கு அது செல்லாது. செயின்ட் ஜான் கதீட்ரல் வேறொரு நிர்வாகத்தின் கீழ் வருவதால் அங்கும் செல்லாது.

ஞாயிற்றுக்கிழமை வலெட்டா

செயின்ட் ஜான் இணைக் கதீட்ரல் ஞாயிறன்று சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பதில்லை. வழிபாட்டுக்குப் போகலாம், சுற்றிப் பார்க்க முடியாது. மோஸ்டாவின் வட்ட வடிவத் தேவாலயத்திலும் ஞாயிறு காலையில் பூசை நடக்கும். 1942 ஏப்ரல் 9 அன்று கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்த குண்டு வெடிக்காமல் போனதே, அந்த இடம்தான். ஞாயிறு ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் தெற்கே போங்கள். மார்சஷ்லொக் மீன் சந்தை அன்றுதான் களைகட்டும். எட்டு மணிக்குப் போனால் முன்பக்கத்தில் கண் வரைந்த ‘லுட்சு’ மீன்பிடிப் படகுகளை நின்று பார்க்கலாம்; பதினொரு மணிக்குப் போனால் வண்டி நிறுத்த இடம் தேடியே அரை மணி போய்விடும்.

கதீட்ரலுக்கு உடை விஷயம் கறார். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கூரான குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை, காரணம் தரைதான். கால் வைக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு நைட்டின் (மால்டாவை ஆண்ட செயின்ட் ஜான் சபை வீரரின்) கல்லறை மேல் பதித்த வண்ணச் சலவைக்கல். சுமார் 400 கற்கள். கூர்மையான குதிகால் அந்தப் பதிப்புகளைப் பெயர்த்துவிடும்.

அங்கே ஆரட்டரி என்ற பிரார்த்தனை மண்டபத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1608இல் வரைந்த ‘யோவான் ஸ்நானகரின் தலை துண்டிப்பு’ அங்கே இருக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் அகலம், அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம். யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழியும் ரத்தத்தின் ஓரத்தைப் பாருங்கள், அந்தச் சிவப்பிலேயே பெயரை எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் நைட் பட்டம் பெற்றவரை, அதே ஆண்டு டிசம்பரில், இதே மண்டபத்தில் கூடித்தான் சபையிலிருந்து நீக்கினார்கள். இதைச் சொல்லாமல் உங்களை நகர்த்தும் கைடு அடுத்த நிறுத்தத்துக்கு அவசரப்படுகிறார் என்று அர்த்தம்.

சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கும் நாளில் முற்பகல் வலெட்டா நிரம்பி வழியும். அன்று கூட்டம் குறையும் பிற்பகலுக்கு வலெட்டாவைத் தள்ளலாமென்று தோன்றும். அப்படிச் செய்தால் கதீட்ரலின் கடைசி நுழைவு நேரத்தை முதலில் பாருங்கள். மூடும் நேரத்துக்கு முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். அப்பர் பராக்கா தோட்டத்தில் பீரங்கி முழங்குவது 12 மணிக்கும் 4 மணிக்கும். நான்கு மணிக்கு வைத்துக்கொண்டால் கதீட்ரலை முடித்துவிட்டு நடந்தே போகலாம். சின்னக் குழந்தை இருந்தால் சத்தம் வரப்போகிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வண்டி தெருவுக்குள் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் நகர வாசலில் ட்ரைட்டன் நீரூற்று அருகேயோ, காஸ்டில் சதுக்கத்திலோ இறக்கிவிடுவார்கள். பல குறுக்குத் தெருக்கள் படிக்கட்டுகள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடக்கும்படி வழி கேளுங்கள். இம்டீனா கோட்டை நகருக்குள்ளும் வெளி வண்டிகள் போகாது, வாசலிலிருந்து நடைதான்.

ஒரே நாளில் மூன்று தீவு

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்லீமாவில் ஏறி சிர்கெவ்வா படகுத்துறை சேர 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். வரிசையில் 20, 30 நிமிடம். கடல் கடக்க 25 நிமிடம். ஆக, கோசோவில் கால் வைப்பதற்குள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், திரும்பவும் அவ்வளவே. எட்டு மணி நேர டூரில் மிச்சம் நாலு. அதில் சாப்பாட்டுக்கு ஒரு மணி. ஜகந்தியா கோயில்கள், சித்தாதெல்லா கோட்டை, துவெய்ரா கடற்கரை என மூன்று இடம் பார்க்கலாம். இதோடு மூன்றாவது தீவான கொமினோவையும் சேர்த்து விற்றால் எதையும் முழுதாகப் பார்க்க முடியாது.

வண்டியைப் படகில் ஏற்றாமல், வலெட்டாவிலிருந்து விரைவுப் படகில் சுமார் 45 நிமிடத்தில் போய் இறங்கி, கோசோ வண்டி ஒன்றை அங்கே காத்திருக்கச் சொல்வதுதான் எங்கள் பரிந்துரை. வண்டிப் படகில் போவதானால் ஒரு விஷயம்: போகும்போது காசு கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். இலவசம் போலும் என்று நினைத்துவிட்டு, மாலையில் துறையில் நின்று ‘இது டூரில் அடக்கமில்லையா’ என்று வாதாடுவது வழக்கமாக நடக்கும் காட்சி.

பெயர்க் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். இம்ஜார் என்பது கோசோவின் துறைமுகம். மால்டாவில் அதே பெயரில் ஒரு கிராமமும் உண்டு. இம்டீனாவை ஒட்டி ஒரு ரபாத். கோசோவின் தலைநகர் விக்டோரியாவையும் ஊர்க்காரர்கள் ரபாத் என்றே சொல்வார்கள். பிக்கப் இடத்தைப் பெயராக மட்டும் எழுதாமல் மேப் புள்ளியாக அனுப்புங்கள்.

பழைய படம், மாறிய கடல்

கோசோவின் துவெய்ராவில் இருந்த ‘அஸூர் விண்டோ’ என்ற கல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. இன்றும் அதன் படத்தைப் போட்டு விற்கும் விளம்பரம் இருக்கிறது. அதைப் பார்த்தால், மற்ற தகவலும் அதே வயதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொமினோவின் ப்ளூ லகூனுக்கு 2025 முதல் முன்பதிவு முறை வந்திருக்கிறது. அதை யார் செய்வது, நீங்களா படகுக்காரரா என்று கேட்டுவிடுங்கள்.

வெயில் இன்னொரு கணக்கு. ஹஜார் இம், இம்னைத்ரா கோயில்களுக்கு மேல் 2009 முதல் கூடாரம் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள அரை கிலோமீட்டர் சரிவில் நிழல் கிடையாது. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். ஜூலை, ஆகஸ்டில் அதை மதியம் வைப்பவர் அந்த ஊரில் நடந்தவராக இருக்க முடியாது.

அருகிலுள்ள ப்ளூ கிரோட்டோ குகைக்குச் சிறு படகில் போக வேண்டும். நீல வெளிச்சம் முற்பகலில்தான் நன்றாக இருக்கும். கடல் கொந்தளித்தால் படகு இறங்காது. தனி டூர் என்றாலும் அப்படித்தான். அதனால் முந்தின நாள் மாலையே டிரைவரிடம் காற்று எந்தத் திசை என்று கேளுங்கள். வடகிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கு அங்கே கிரிகால் என்று பெயர். அது அடித்தால் வலெட்டாவிலிருந்து கிளம்பும் விரைவுப் படகை முதலில் நிறுத்துவார்கள். தெற்குக் காற்றென்றால் குகைப் படகு ஓடாது. முதலாவது நடந்தால் கோசோவை அடுத்த நாளுக்குத் தள்ளி, அன்று இம்டீனாவையும் ரபாத்தின் செயின்ட் பால் நிலவறைக் கல்லறைகளையும் பாருங்கள். இரண்டாவது நடந்தால் குகையை மட்டும் விட்டுவிட்டு, ஹஜார் இம்மைக் காலையில் திறந்ததுமே பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்துக்குக் கூடுதல் கட்டணம் இல்லை என்று முன்பணம் கட்டும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.