லாங் டிரைவுக்கு முன்னால் ஸ்போர்ட்ஸ் கார் உதறினால்: எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பது எப்படி

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் ஊருக்குள் நன்றாகத்தான் ஓடுகிறது, ஹைவேயில் 90-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கிறது. உடனே எல்லோரும் செய்வது வீல் பேலன்சிங். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும், மறுக்கவில்லை. சரியாகாவிட்டால் அடுத்து அலைன்மென்ட், அப்புறம் டயர், அப்புறம் ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றாகக் காசு கரையும், கிளம்ப வேண்டிய நாளும் வந்துவிடும். இத்தனைக்கும் அலைன்மென்ட் கோளாறு வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தின்னும், ஆனால் அதுவே நேரடியாக உதறலைக் கொடுக்காது.

அதனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த அதிர்வு எதோடு சேர்ந்து வருகிறது? வண்டியின் வேகத்தோடா, இன்ஜின் ஆர்பிஎம்மோடா (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை), ஆக்சிலரேட்டரை மிதிப்பதோடா, பிரேக்கோடா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் வண்டியில் முக்கால்வாசிப் பாகங்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள், வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா பாருங்கள். நட் லூசாக இருந்தால் ரோட்டில் டெஸ்ட் செய்கிற பேச்சே வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு நேரான, காலியான, நல்ல ரோட்டுக்குப் போங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டால் நல்லது, நீங்கள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

அதிர்வு மோசமாக இருக்கும் வேகத்தை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், 100 என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் ஒரு கியர் குறையுங்கள். ஆர்பிஎம் ஏறிவிட்டது, ஆனால் அதிர்வு கொஞ்சமும் மாறவில்லை என்றால் இன்ஜின் மேல் தப்பில்லை. மேனுவல் கியர் என்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிட்டும் பார்க்கலாம் (சாவியை ஆஃப் செய்துவிடாதீர்கள், பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் உதவியும் போய்விடும்). அப்போதும் அதிர்வு இருந்தால் ரோட்டோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றுதான்: டயர், ரிம், ஹப் (வீலை மாட்டும் நடுப்பகுதி), டிஸ்க், ஆக்சில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (சக்தியைப் பின்வீல் பக்கம் கொண்டுபோகும் நீளத் தண்டு). ஆட்டோமேட்டிக்கில் ஓட்டத்தில் நியூட்ரல் போட வேண்டாம், மேனுவல் மோடில் கியரை மாற்றிப் பார்த்தால் போதும்.

போனில் அதிர்வை ஹெர்ட்ஸ் கணக்கில், அதாவது நொடிக்கு எத்தனை முறை என்று, காட்டும் ஆப்கள் இருக்கின்றன, இந்த வேலைக்கு அருமையாக உதவும். சுற்றளவு சுமார் 2 மீட்டர் உள்ள டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 14 சுற்று சுற்றும். ஆப்பில் 14 பக்கம் முள் நின்றால் டயரும் ரிம்மும்தான். பின்வீல் டிரைவ் வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பெரும்பாலும் அதைப்போல 3 அல்லது 4 மடங்கு வேகத்தில் சுற்றுவதால் 40, 50 என்று காட்டும். 3000 ஆர்பிஎம்மில் இன்ஜினும் நொடிக்கு 50 சுற்றுதான், ஆக இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கியரை மாற்றுங்கள், அதே வேகத்தில் எண் நகர்ந்தால் இன்ஜின், நகராவிட்டால் ஷாஃப்ட்.

ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்வீல், சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்வீல் என்பது ஓரளவுக்கு நம்பக்கூடிய கணக்கு. சாதாரண காரில் முன்பின் வீல்களை மாற்றிப் போட்டு இதை உறுதி செய்வார்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயர் அகலம் அதிகம், அதனால் அந்த வழி கிடையாது. கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

வீலைக் கழற்றிவிட்டு உள்பக்கத்தைப் பாருங்கள், வெளியே தெரியும் பக்கத்தை மட்டும் பார்த்து டயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவே கூடாது. இந்த வண்டிகளில் நெகட்டிவ் கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது) இருப்பதால் டயரின் உள் ஓரம்தான் முதலில் தேயும். வெளியே பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் வரிகள்) நன்றாக இருக்கும், உள் ஓரத்தில் கம்பி எட்டிப் பார்க்கும். உள்ளங்கையை அந்த ஓரத்தில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள், ஒரு திசையில் வழுக்கிக்கொண்டும் மறு திசையில் ரம்பம் மாதிரி உரசிக்கொண்டும் போனால் அது சீராகத் தேயவில்லை. அப்படியே பக்கச் சுவரில் புடைப்பு இருக்கிறதா, ரிம்மின் உள் விளிம்பு நெளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உயரம் குறைந்த டயர் ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குத்தான் போகும். பிரேக் தூசி படிந்த ரிம்முக்குள் ஒரு இடம் மட்டும் சின்னச் செவ்வகமாகச் சுத்தமாக, பசை ஒட்டிக்கொண்டு இருந்தால் அங்கே இருந்த பேலன்சிங் வெயிட் விழுந்துவிட்டது என்று அர்த்தம், தேடியது கிடைத்துவிட்டது.

டயரின் வயதையும் படியுங்கள். பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கம்மியாக ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று ஆசைப்பட்டு வாங்கும் வண்டிகளில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியில் டயர் ஒரு பக்கம் தட்டையாகி உதறுவதும் உண்டு. கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடானதும் குறைந்துகொண்டே வந்து மறைந்தால் பெரும்பாலும் அதுதான். மறையாவிட்டால் டயரை மாற்ற வேண்டியதுதான்.

முந்தைய ஓனர் கம்பெனி ரிம்முக்குப் பதில் வெளியில் வாங்கிய ரிம் போட்டிருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரிம்மின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடையில் ஹப் ரிங் வேண்டும், அது இல்லாமல் போனால் வீல் மையம் விலகி உட்காரும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் உதறும். நட்டின் உட்காரும் பகுதி கூம்பா, உருண்டையா என்பதும் ரிம்முக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத நட் உதறலோடு நிற்காது, வீலே கழன்றுகொள்ளும்.

வண்டியைத் தூக்கியதும் ஸ்டாண்டு போடுங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே போகாதீர்கள். வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் (ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் கம்பி) பக்கம் போங்கள். ரிம் பக்கத்தில் ஒரு பேனாவை அசையாமல் வைத்து வீலைச் சுற்றினால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும், 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ரிம்மைச் சந்தேகப்படலாம்.

பிரேக் மிதித்தால் மட்டும் உதறுகிறதா? டிஸ்கின் தடிமன் சீராக இல்லை, அல்லது பேட் பொருள் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றால் உள்பக்க சிவி ஜாயின்ட்டை (ஆக்சில் தண்டின் வளையும் மூட்டு) பாருங்கள், அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று. பின்வீல் டிரைவில் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங், நடு பேரிங் இரண்டும் இதே வேலையைக் காட்டும்.

நிற்கும்போதே உதறினால் இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு) அல்லது மிஸ்ஃபயர் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது). பாலியூரிதேன் மவுண்ட் மாற்றியிருந்தால் கொஞ்சம் அதிரத்தான் செய்யும், அது கோளாறு இல்லை. இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

டயர் புடைப்பு, கம்பி தெரிவது, வீல் ஆட்டம், ஷாஃப்ட் ஆட்டம், மின்னும் விளக்கு, இதில் எது இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். லேசான பேலன்சிங் உதறல், பழைய மவுண்ட் என்றால் சரிசெய்துவிட்டோ, கவனித்துக்கொண்டோ போகலாம்.

மெக்கானிக்கிடம் “வண்டி உதறுது” என்று மட்டும் சொல்லாமல் “100-ல் ஸ்டீயரிங்கில் வருது, நியூட்ரலிலும் இருக்கு, பிரேக்கில் மாறல” என்று சொல்லுங்கள், நேராக வீலுக்குப் போவார். வேலை முடிந்ததும் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். 80, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒருமுறை நீங்களே இறுக்கிப் பாருங்கள், அதற்காகவே வேலையைக் கிளம்புவதற்கு முந்தின நாள் வைக்காமல் சில நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.