ரவுட்டரில் செய்த மாற்றத்தை எப்போது சேமிப்பது, எப்படி மறுதொடக்கம் செய்வது?

புறக்கோட்டையிலுள்ள எங்கள் அலுவலகத்து சிஸ்கோ ரவுட்டரில், வெள்ளவத்தை வீட்டிலிருந்தபடியே ஒரு சிறு திருத்தம் செய்தேன். எண்டர் தட்டியதும் திரை உறைந்துவிட்டது. உள்ளே போகும் வழியை நானே அடைத்திருந்தேன். 100ஆம் இலக்க பஸ் ஏறி, காலி வீதி நெரிசலில் ஊர்ந்துபோய் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். எல்லாம் பழையபடி வந்தது. திருத்தத்தைச் சேமிக்க நேரம் கிடைக்காததுதான் அன்று என்னைக் காப்பாற்றியது.

ரவுட்டரிடம் அமைப்புகள் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ‘ரன்னிங் கொன்பிக்’ ராம் நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். ‘ஸ்டார்ட்அப் கொன்பிக்’ என்விராம் என்ற இன்னொரு நினைவகத்தில், மின்சாரம் போனாலும் அழியாமல் இருக்கும். ரவுட்டர் எழும்போது வாசிப்பது இதைத்தான். நீங்கள் தட்டும் கட்டளை உடனே வேலைசெய்யும், ஆனால் முதல் பிரதியை மட்டுமே மாற்றும்.

கீழே கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ‘எனேபிள்’ கொடுத்து உள்ளே செல்லுங்கள். வரியின் முனையில் # குறி தெரிய வேண்டும். ‘ஷோ ரன்னிங்-கொன்பிக்’ காட்டுவதை அப்படியே பிரதியெடுத்துக் கணினியில் ஒரு கோப்பாக வையுங்கள். அதில் கடவுச்சொற்களும் இருக்கலாம், வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து, இப்போது நன்றாக ஓடுவதைச் சேமியுங்கள்: ‘கொப்பி ரன்னிங்-கொன்பிக் ஸ்டார்ட்அப்-கொன்பிக்’. கோப்பின் பெயரைக் கேட்கும்; எதையும் தட்டாமல் எண்டர் மட்டும் கொடுங்கள். ‘ஓகே’ என்று வரும்வரை பொறுங்கள்.

இனித்தான் சூட்சுமம். மாற்றத்தைத் தொடங்குமுன் ‘ரீலோட் இன் 10’ கொடுத்து உறுதிப்படுத்துங்கள். பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானாக மறுதொடக்கம் ஆகும். பிறகு மாற்றத்தைச் செய்யுங்கள். இணைப்பு அறுந்தால் பதற வேண்டாம், ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். ரவுட்டர் பழைய அமைப்போடு எழுந்திருக்கும். மாற்றம் சரியாக வேலைசெய்தால் ‘எண்ட்’ தட்டி, மாற்றம் செய்யும் நிலையிலிருந்து வெளியே வந்து ‘ரீலோட் கேன்சல்’ கொடுங்கள். அதற்குப் பிறகே சேமியுங்கள். சோதிக்குமுன் சேமித்தால் இந்தப் பாதுகாப்பு வலை அறுந்துவிடும். இது அன்றே தெரிந்திருந்தால் பஸ் காசு மிச்சம்.

முழு மறுதொடக்கம் தேவையென்றால் வெறும் ‘ரீலோட்’. சேமிக்காத மாற்றம் இருந்தால், சேமிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் ‘யெஸ்’ அடிக்காமல், எந்த மாற்றம் என்று நினைவுபடுத்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். எழும்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். இடையில் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

வீட்டு ரவுட்டர் என்றால் இத்தனை படிகள் இல்லை: அமைப்புப் பக்கத்தில் சேமிக்கும் பொத்தானை அழுத்தி, ‘ரீபூட்’ கொடுத்தால் போதும். பெரும்பாலும் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவு துளையொன்று இருக்கும். அது ‘ரீசெட்’, அழுத்திப் பிடித்தால் உங்கள் அமைப்பு எல்லாம் துடைத்தெறியப்படும்.

சிஸ்கோ ரவுட்டர் எழுந்ததும் ‘ஷோ வெர்ஷன்’ கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு நேரமாக ஓடுகிறது, கடைசியாக ஏன் எழுந்தது என்று அதிலேயே இருக்கும். ‘ரீலோட்’ என்றிருந்தால் அது உங்கள் வேலை. ‘பவர்-ஒன்’ என்றிருந்தால் மின்சாரம் போய் வந்திருக்கிறது, அல்லது யாரோ பிளக்கில் கை வைத்திருக்கிறார்கள்.